மன்னனின் மண்வெட்டியும் மக்களின் நகரமும்

1758ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள போர்த்திச்சி அரண்மனைக்கு ஜேர்மன் அறிஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். யொஹான் யோக்கிம் விங்கெல்மான் என்பது அவர் பெயர். செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். கிரேக்கக் கலை பற்றிய எழுத்துக்களால் ஐரோப்பிய அறிஞர் மத்தியில் அறியப்படத் தொடங்கியிருந்தவர். அரண்மனையை ஒட்டியிருந்த நூதனசாலையில், எரிமலைக் குழம்புக்கு அடியிலிருந்து மீட்கப்பட்ட வெண்கலச் சிலைகளும் சுவரோவியங்களும் நிறைந்திருந்தன. அவற்றைக் காண்பதற்காகவே அவர் வந்திருந்தார்.

காண்பதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் எதையும் வரையக்கூடாது, குறிப்பெடுக்கக்கூடாது என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அகழ்வின் வரைபடங்களை வெளியார் எவரும் பார்க்க இயலாது. மன்னனின் செலவில் தோண்டப்பட்டவை மன்னனுக்கே உரியவை. அவற்றைப் பற்றிய அறிவும் அவனுக்கே உரியது என்பதுதான் அந்த அரசவையின் நிலைப்பாடு.

புதையுண்ட நகரமொன்றை அரசு தன் திறைசேரிப் பணத்தைக் கொண்டு, உத்தியோகத்தர்களை நியமித்து, ஆண்டாண்டாகத் தோண்டிய முன்னோடி முயற்சி இது. இன்று நாடுதோறும் தொல்பொருள் திணைக்களங்கள் இருக்கின்றன. அகழ்வுச் சட்டங்களும் அரச நூதனசாலைகளும் இருக்கின்றன. இவற்றின் நன்மை, தீமை இரண்டுக்கும் ஹெர்குலேனியத்திலும் பொம்பெய்யிலும் தொடக்கங்களைக் காணலாம். பொதுப் பணத்தில் மீட்கப்படும் கடந்தகாலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் அங்கேதான் முதன்முதலில் கூர்மையாக எழுந்தது.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இவ்விரு நகரங்களும் அழிந்தன. அந்த அழிவில் மாண்டவர்களுள் ஒருவர் ரோமக் கடற்படைத் தளபதியாக இருந்த மூத்த பிளினி. தமது 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலில் முசிறித் துறைமுகத்தைப் பற்றியும், தப்ரபேன் என்று அன்று அழைக்கப்பட்ட இலங்கையைப் பற்றியும் எழுதிவைத்தவர் இவரே. நம்மவர் பலர் வரலாற்று நூல்களில் சந்தித்திருக்கும் அந்தப் பிளினியின் இறுதி மூச்சு, வெசூவியஸின் புகை சூழ்ந்த ஸ்தாபியே கடற்கரையில் பிரிந்தது.

பொம்பெய்யின் மேல் 4 முதல் 6 மீற்றர் வரை சாம்பலும் நுரைக்கல்லும் விழுந்தன. ஹெர்குலேனியத்தின் கதி வேறு. அதனை மூடிய எரிமலைப் படிவு 20 மீற்றருக்கும் அதிக ஆழமானது. காலப்போக்கில் பாறைபோல் இறுகிவிட்டது. அதன்மேல் ரெசினா என்ற ஊர் எழுந்தது. கீழே ஒரு நகரம் உறங்குவதை மேலே வாழ்ந்தவர்கள் மறந்துபோயினர்.

கிணற்றிலிருந்து தொடங்கிய கதை

1710ஆம் ஆண்டளவில் ரெசினாவில் கிணறு தோண்டியவர்களுக்கு வழவழப்பான சலவைக்கல் துண்டுகள் கிடைத்தன. அப்போது நேப்பிள்ஸை ஒஸ்திரியர் ஆண்டனர். அவர்களுடைய படையில் அதிகாரியாக இருந்த டெல்பேப் இளவரசர் அந்தக் காணியை வாங்கி, கிணற்றின் அடியிலிருந்து சுரங்கம் வெட்டுவித்தார். அவர் குடைந்தது ஒரு ரோம அரங்கினுள் என்பது அவருக்குத் தெரியாது. கிடைத்த மூன்று அழகிய பெண் சிலைகளை வியன்னாவிலிருந்த தம் உறவினரான யூஜின் இளவரசருக்கு அனுப்பிவைத்தார். யூஜின் இறந்தபின் அவை சக்சனி நாட்டு அரசனிடம் விலைப்பட்டு, டிரெஸ்டன் நகரைச் சென்றடைந்தன. இது தனியார் வேட்டை. அகப்பட்டதை எடுத்தவர் கொண்டுபோனார்.

1734இல் ஸ்பெயின் அரசனின் மகனான போர்போன் வம்சத்துச் சார்ள்ஸ் நேப்பிள்ஸைக் கைப்பற்றினான். அப்போது அவனுக்கு வயது 18. 1738இல் அவன் மணந்த மரியா அமாலியா, டிரெஸ்டனுக்குச் சென்ற அந்தச் சிலைகளை வாங்கிய சக்சனி அரசனின் மகள். அதே ஆண்டு போர்த்திச்சியில் கோடை அரண்மனை ஒன்றைக் கட்டும் வேலையும் தொடங்கியது.

அரண்மனைக்கான நிலத்தை அளக்க வந்தவர் ஸ்பானியப் படைப் பொறியியலாளரான றொக்கே ஹோக்கின் டி அல்குபியேரே. பழைய கிணற்றைப் பற்றி ஊரவர் சொல்லக் கேட்ட அவர், தோண்டிப்பார்க்க அரச அனுமதி கோரினார். 1738 ஒக்ரோபரில், விரல்விட்டு எண்ணக்கூடிய கூலியாட்களுடன் வேலை ஆரம்பமாயிற்று. டிசெம்பரில் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. மார்ச்செல்லோ வெனூத்தி என்ற அறிஞர் அதனைப் படித்து, இது ஓர் அரங்கம் என்று நிறுவினார். ஹெர்குலேனியம் கண்டுபிடிக்கப்பட்டது.

புதிய இராச்சியம் ஒன்றுக்குப் புகழ் தேவைப்பட்டது. படைபலத்தில் பிரான்சுக்கோ ஒஸ்திரியாவுக்கோ ஈடாக முடியாத நேப்பிள்ஸ், ஐரோப்பாவில் வேறெவரிடமும் இல்லாத ஒன்றைத் தன் மண்ணுக்கடியில் கண்டது. சார்ள்ஸ் அகழ்வுக்குப் பணம் ஒதுக்கினான். நூதனசாலை அமைத்தான். 1755இல் பழம்பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடை செய்தான். டிரெஸ்டன் சிலைகளுக்கு நேர்ந்தது இனி நேரக்கூடாது என்ற வகையில் இந்தத் தடை நியாயமானதே.

இருட்டில் நடந்த வேலை

அகழ்வு என்றதும் திறந்தவெளியில் குழி வெட்டி, கயிறு கட்டி அளக்கும் காட்சியே நம் கண்முன் வரும். ஹெர்குலேனியத்தில் நடந்தது சுரங்கத் தொழில். கிணறுபோல் இறங்கி, இறுகிய படிவை உளியாலும் குந்தாலியாலும் உடைத்து, தீப்பந்த வெளிச்சத்தில் ஆள் நுழையுமளவு பாதை வெட்டினார்கள். கூலியாட்களோடு சிறைக்கைதிகளும் இந்த வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். நச்சு வாயு பரவும் நேரங்களில் வேலை நிறுத்தப்படும். ஒரு சுரங்கத்தில் எடுக்கத்தக்கதை எடுத்து முடித்ததும், அடுத்த சுரங்கத்தின் மண்ணைக் கொட்டி அதனை நிரப்பிவிடுவார்கள். நிரப்பாவிட்டால் மேலேயிருந்த ரெசினாவின் வீடுகள் இடிந்துவிடும். ஆகவே எவரும் நகரத்தை நகரமாகப் பார்க்கவில்லை. பந்தத்தின் ஒளி விழுந்த சில அடிகளை மட்டுமே பார்த்தார்கள்.

இழப்புகள் பாரதூரமானவை. அரங்கத்தின் பகுதியில் நான்கு குதிரைகள் பூட்டிய வெண்கலத் தேர் ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. அந்தத் துண்டுகள் கவனிப்பாரின்றிக் குவிக்கப்பட்டன. ஒரு பகுதி உருக்கப்பட்டு மன்னனதும் அரசியினதும் உருவங்கள் வார்க்கப்பட்டன. எஞ்சியவற்றைப் பொருத்தி ஒரேயொரு குதிரையை உருவாக்கினார்கள். அது இன்றும் நேப்பிள்ஸ் நூதனசாலையில் நிற்கிறது. சுவரோவியங்களில் அழகானவை வெட்டியெடுக்கப்பட்டுச் சட்டமிடப்பட்டன. நூதனசாலைக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவை, வேறெவர் கையிலும் சிக்கிவிடக்கூடாது என்பதற்காகச் சுவரிலேயே உடைத்து நொறுக்கப்பட்டன. இக்கொடிய வழக்கத்தை 1763இல் அரச ஆணையொன்று தடை செய்யும்வரை எத்தனை ஓவியங்கள் தூளாயின என்பதை இனி எவரும் கணக்கிட முடியாது.

1748இல் அல்குபியேரே தம் ஆட்களில் சிலரைச் சிவித்தா என்ற மேட்டுநிலத்துக்கு அனுப்பினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் டொமெனிக்கோ பொன்தானா என்ற கட்டடக்கலைஞர் அந்த மேட்டை ஊடறுத்துக் கால்வாய் வெட்டியிருந்தார். பழைய சுவர்களும் கல்வெட்டுகளும் அப்போதே தென்பட்டும், அது எந்த நகரம் என்று எவரும் சிந்திக்கவில்லை. அல்குபியேரேயும் அதனை ஸ்தாபியே என்றே நம்பினார். எதிர்பார்த்த சிலைகள் கிடைக்காததால் இரண்டே ஆண்டுகளில் அந்த இடத்தைக் கைவிட்டார். 1755இல்தான் வேலை மீண்டும் தொடங்கியது. அவர் சலிப்புற்று விட்டுப்போன அந்த மேட்டின் அடியில் கிடந்தது பொம்பெய்.

வரைபடம் வரைந்த மனிதர்

அல்குபியேரேயின் உதவியாளராக 1749இல் நியமிக்கப்பட்டவர் கார்ல் வெபர். சுவிற்சர்லாந்துக்காரர், அவரும் படைப் பொறியியலாளரே. 1750இல் மற்றுமொரு கிணற்றின் வழியாக, கடலை நோக்கிய மிகப்பெரிய மாளிகையொன்று கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் அங்கிருந்து 80க்கும் மேற்பட்ட சிலைகள் வெளிவந்தன. அல்குபியேரேக்குச் சிலைகள் போதும். வெபருக்குப் போதவில்லை. எந்தச் சிலை எந்த அறையில், எந்த மூலையில், எந்த நாளில் கிடைத்தது என்பதை அவர் அறிய விரும்பினார்.

தலைக்குமேல் 20 மீற்றர் பாறை. வானத்தைக் காணமுடியாத குகைப் பாதைகள். அங்கே அவர் ஒவ்வொரு சுவரையும் அளந்தார். மாளிகை முழுவதற்கும் வரைபடம் வரைந்து, சிலைகள் கிடைத்த இடங்களைக் குறித்து, ஓரத்தில் விளக்கம் எழுதினார். வீதி எங்கே ஓடுகிறது என்று கண்டு, வாசலால் நுழைந்து, கட்டடங்களை முழுமையாகத் தோண்டவேண்டும் என்று மேலதிகாரியிடம் வாதாடினார். இது வீண் செலவு என்று அல்குபியேரே அரசவைக்கு முறைப்பாடு செய்தார். ஆண்டுக்கணக்கில் இந்தப் பிணக்கு நீடித்தது.

இருவருக்கும் சம்பளம் வழங்கியது ஒரே அரசு. ஒருவர் அரசனுக்குப் பொருள் தேடிக் கொடுத்தார். மற்றவர், பொருள் இருந்த இடமே அதன் பெறுமதியில் பாதி என்பதை உணர்ந்திருந்தார். தொல்லியல் என்ற துறை பிறக்குமுன்னரே அதன் அடிப்படை விவாதம் இவ்விருவருக்கும் இடையில் நடந்து முடிந்துவிட்டது எனலாம். தம் நூலை வெளியிடும் ஆசை நிறைவேறாமலேயே 1764இல் வெபர் இறந்தார். மறு ஆண்டு நச்சு வாயுவின் காரணமாக மாளிகைச் சுரங்கங்களும் கைவிடப்பட்டன. 1974இல் கலிபோர்னியாவின் மலிபு கடற்கரையில் எண்ணெய்ச் செல்வந்தர் கெற்றி அந்த மாளிகையின் மாதிரியில் ஒரு நூதனசாலையைக் கட்டித் திறந்தபோது, அதற்கு ஆதாரமாக இருந்தது வெபரின் வரைபடம்.

1752இல் அதே மாளிகையில் கரிக்கட்டைகள் போன்ற கறுத்த உருளைகள் கிடைத்தன. கரியென்று எண்ணிச் சிலவற்றை எறிந்தும்விட்டார்கள். பின்னர் ஒன்றின் உடைந்த பக்கத்தில் எழுத்துகள் தெரிந்தன. அவை பப்பைரஸ் சுருள்கள். மாளிகையின் நூலகமே அங்கு புதையுண்டிருந்தது. துண்டுகளையும் சேர்த்தால் சுமார் 1,800. நூதனசாலையின் பொறுப்பாளர் கமில்லோ பதேர்னி, சுருள்களைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தார். 1753இல் வத்திக்கான் நூலகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட அந்தோனியோ பியாஜ்ஜோ என்ற துறவி, பட்டுநூல்களில் சுருளைத் தொங்கவிட்டு, பின்புறம் மெல்லிய சவ்வை ஒட்டி, நாளொன்றுக்குச் சில மில்லிமீற்றர் மட்டும் விரிக்கும் கருவியை அமைத்தார். முதற் சுருளை விரிக்க ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் சென்றன. அது பிலோடெமஸ் என்னும் எபிக்கூரிய மெய்யியலாளர் இசையைப் பற்றி எழுதிய நூல்.

பூட்டிவைத்த செய்தியும் கசிந்த கடிதமும்

கண்டெடுத்தவற்றை உலகுக்கு அறிவிக்கும் உரிமையையும் மன்னனே வைத்துக்கொண்டான். அந்தப் பணிக்கு அமர்த்தப்பட்ட ஒத்தாவியோ பயார்டி என்ற பாதிரியார் 1752இல் ஐந்து தொகுதிகளை வெளியிட்டார். அவை முன்னுரை மட்டுமே. ஹெர்குலிஸ் என்னும் வீரனின் புராணத்தில் மூழ்கிப்போன பயார்டி, ஹெர்குலேனியத்தின் வாசலைக்கூட எட்டவில்லை. ஐரோப்பா சிரித்தது. 1755இல் அமைச்சர் தனூச்சியின் முயற்சியால் அறிஞர் கழகமொன்று நிறுவப்பட்டது. 1757 முதல் 1792 வரை எட்டுப் பெருந்தொகுதிகள் அழகிய செப்புத்தகட்டுப் படங்களுடன் வந்தன. ஆனால் கடையில் வாங்க முடியாது. மன்னன் விரும்பியவர்களுக்குப் பரிசாக வழங்குவான்.

விங்கெல்மான் இந்தச் சூழலிற்றான் வந்து சேர்ந்தார். 1758இல் அவர் தங்கியது பியாஜ்ஜோவின் இருப்பிடத்தில். பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்த எனக்கு இதன் பொருள் உடனே விளங்குகிறது. வாசலில் காவலை எவ்வளவு பலப்படுத்தினாலும், உள்ளே வேலை செய்பவனுக்கும் மனக்குறை இருக்கும். பேசுவதற்கு ஓர் ஆளை அவனும் தேடிக்கொண்டிருப்பான்.

1762இல் விங்கெல்மான் ஒரு பகிரங்கக் கடிதத்தை வெளியிட்டார். சுவரில் பதிக்கப்பட்டிருந்த வெண்கல எழுத்துகளைப் பிரதி செய்யாமலே பிடுங்கிக் கூடையில் போட்டு மன்னனிடம் காட்டினார்கள். அவை என்ன சொல்லின என்பதை அறிய இனி வழியில்லை என்று அதில் எழுதினார். அல்குபியேரேக்குப் பழம்பொருள் பற்றி எதுவும் தெரியாது என்று எள்ளி நகையாடினார். வெபரைப் பாராட்டினார். 1764இல் அக்கடிதம் பிரெஞ்சு மொழியில் வெளியாகி ஐரோப்பாவெங்கும் பரவியபோது நேப்பிள்ஸ் அரசவை கொதித்தது. 1767இல்தான் அவரால் மீண்டும் அங்கு செல்ல முடிந்தது. அடுத்த ஆண்டு திரியெஸ்தே நகரில் அவர் கொலையுண்டார்.

அந்தக் கடிதம் பயனற்றுப் போகவில்லை. ஊர் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற உணர்வு அரசவைக்கு ஏற்பட்டது. எனினும் விங்கெல்மானின் தீர்ப்பை அப்படியே ஏற்பதும் சரியன்று. அல்குபியேரே சுரங்கத்தில் உடல்நலத்தைப் பறிகொடுத்தவர். நோயால் சில ஆண்டுகள் பணியிலிருந்து விலகியும் இருந்தார். தமக்குப் பின்னால் ஒரு துறை பிறக்கப்போவதை அவர் அறியமாட்டார். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அரச பணம் செலவானதால் அரசுக்குக் கணக்குக் காட்டவேண்டியிருந்தது. இன்று எங்கே தோண்டினோம், என்ன கிடைத்தது என்று அல்குபியேரேயும் வெபரும் ஓயாமல் அறிக்கை எழுதினார்கள். டெல்பேப் இளவரசர் யாருக்கும் கணக்குச் சொல்லவில்லை. அவரது அகழ்வைப் பற்றி நாம் அறிவது சொற்பம். மன்னனின் அகழ்வைப் பற்றி இவ்வளவு அறிவதற்குக் காரணம் அந்த உத்தியோகபூர்வ அறிக்கைகளே. அறிவியலுக்காக எழுதப்படாதவை அறிவியலுக்கு உதவின.

பெயர் சொன்ன கல்

சார்ள்ஸ் 1759இல் ஸ்பெயினின் அரசுரிமை பெற்று நேப்பிள்ஸை விட்டுப் புறப்பட்டான். அகழ்வில் கிடைத்து, தான் அணிந்திருந்த மோதிரத்தை அப்போது கழற்றி, இது அரசுக்குச் சொந்தம் என்று கொடுத்துவிட்டுச் சென்றதாக ஒரு கதை வழங்குகிறது. அவனுக்குப் பெருமை சேர்க்கும் கதைதான். ஆனால் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்த மன்னனின் ஆட்சியில், பார்வையாளன் கையில் ஒரு பென்சிலை அனுமதிக்க மனமிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்ளவேண்டும்.

1763 ஓகஸ்டில், சிவித்தாவில் நகர வாயிலுக்கு வெளியே ஒரு கல்வெட்டு வெளிப்பட்டது. வெஸ்பாசியன் பேரரசரின் ஆணைப்படி, தனியார் கைப்பற்றியிருந்த பொதுநிலங்களை ஸ்வேடியஸ் கிளெமென்ஸ் என்ற அதிகாரி பொம்பெய் மக்களின் பொது உடைமையாக மீட்டுக்கொடுத்தார் என்பது அதன் செய்தி. 15 ஆண்டுகளாகப் பெயர் தெரியாமல் தோண்டிய நகரம் இவ்வாறு தன் பெயரைச் சொல்லிற்று. பொதுச்சொத்துப் பொதுமக்களுக்கே உரியது என்று அறிவிக்கும் கல்லாக அது அமைந்தது வெறும் தற்செயல்தான். ஆயினும் மறக்கமுடியாத தற்செயல்.

வெபருக்குப் பின் வந்த பிரான்செஸ்கோ லா வேகா, கட்டடங்களைத் திறந்தவெளியில் விட்டு, மக்கள் நடந்து பார்க்கக்கூடியவாறு அகழ்வை நடத்தினார். வெபர் வாதாடியது அவர் இறந்தபின் பொம்பெய்யில் நடைமுறைக்கு வந்தது. வேகம் மட்டும் கூடவில்லை. 1769இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் தம் மைத்துனரான நேப்பிள்ஸ் மன்னனுடன் வந்து, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். 30 பேர் என்றார்கள். 3,000 பேர் செய்யவேண்டிய வேலையல்லவா இது என்று அவர் கடிந்துகொண்டார்.

1806க்குப் பின் நேப்பிள்ஸை ஆண்ட பிரெஞ்சுக்காரர் நிலங்களை வாங்கி, பல நூறு பேரை வேலைக்கு அமர்த்தினர். 1860இல் இத்தாலி ஒன்றுபட்டபோது பொறுப்பு ஜுசெப்பே பியொரெல்லியிடம் வந்தது. போர்போன் ஆட்சியில் சிறையிருந்தவர் அவர். நகரை வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொரு வாசலுக்கும் இலக்கமிட்டார். சாம்பலில் உடல்கள் விட்டுப்போன வெற்றிடங்களில் 1863இல் சாந்து ஊற்றி, இறந்தவர்களின் கடைசித் தோற்றத்தை மீட்டார். பணம் கொடுத்து அனுமதிச்சீட்டுப் பெற்ற எவரும் உள்ளே வரலாம் என்றாக்கினார். இன்னொன்றும் செய்தார். போர்போன் காலத்து அகழ்வு அறிக்கைகளைத் திரட்டி அச்சிட்டு வெளியிட்டார். தம்மைச் சிறையிலிட்ட ஆட்சியின் கணக்கேடுகளை அவர் எரிக்கவில்லை, எல்லோரும் படிக்கக்கூடியதாக்கினார். நூறாண்டு இரகசியம் அன்றுதான் முடிவுக்கு வந்தது.

பொம்பெய்யின் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவில்லை. வருங்காலத்தவரிடம் நம்மிலும் சிறந்த கருவிகள் இருக்கும் என்பதால் மண்ணே பாதுகாக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். இது வெறும் நம்பிக்கையன்று. ஹெர்குலேனியத்தின் கரிந்த சுருள்களில் ஆறு 1802இல் நெப்போலியனுக்குப் பரிசாகச் சென்றன. அவற்றுள் ஒன்றை விரிக்காமலே, ஊடுகதிர்ப் படங்களையும் கணினியையும் கொண்டு இளைஞர்கள் படித்தார்கள். ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்று 2023இல் முதலில் தெரிந்தது. 2024 பெப்ரவரியில் 15 பத்திகளின் பகுதிகள் வெளியாயின. ஊடுகதிர்ப் படங்கள் பூட்டிவைக்கப்படவில்லை. யார் வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம் என்று உலகுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தன.

பதேர்னியின் கத்திக்குத் தப்பியதால் அந்தச் சுருள் எஞ்சியது. திறந்துவைத்ததால் அது பேசிற்று. தன் மண்ணுக்கடியில் இருப்பதைத் தோண்ட அரசொன்று பணம் ஒதுக்கும்போது, எவ்வளவு ஒதுக்கியது என்று மட்டும் கேட்டால் போதாது. யார் அளக்கிறார்கள், யார் எழுதுகிறார்கள், எழுதியதை யார் படிக்கலாம் என்றும் கேட்கவேண்டும். போர்த்திச்சியின் வாசலில் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு உள்ளே சென்ற அந்த மனிதர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.